ரோதைக்குக் கொடுத்த சேவல்

நாகலெட்சுமிக்கு வேலை, வானத்தைப் பார்ப்பது. தோட்டத்து லயத்து வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "மேல பாத்துக்கிட்டே சம்பளம் வாங்குறா" என்றார்கள். சிரித்தவர்களை ஒருநாள் அந்த மேட்டில் உட்கார வைத்திருக்க வேண்டும். வட்டகொடைக்கு மேலே அங்கே அடிக்கிற காற்றுக்குக் கண்ணீர் தானாக வழியும், கழுத்து மரத்துப்போகும், மத்தியானத்துக்குள் கண் சொக்கும்.

மலையேறி மலையேறித் தேயிலைக் கொழுந்தெடுத்ததில் முழங்கால் போய்விட்டது. அதனால்தான் இந்த வேலைக்கு வந்தாள். மேட்டுக்கு எதிரே காற்றாலை நிற்கிறது. பறவைகள் அதில் அடிபடாமலிருக்க வழி தேடி ஆராய்ச்சி செய்கிறவள் கிருஷாந்தி. எந்தப் பறவை எந்தப் பக்கமாக வருகிறது, எவ்வளவு உயரத்தில் வட்டமிடுகிறது என்று நாகலெட்சுமி பார்த்துச் சொல்ல வேண்டும். கழுகு கிட்டே வந்தால் உடனே வோக்கிடோக்கியில் சொல்ல வேண்டும், காற்றாலையை நிறுத்துவார்கள்.

பக்கத்துக் காட்டில் கருங்கழுகு ஒரு சோடி இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை அதில் ஒன்று அடிபட்டுச் செத்தது. நாகலெட்சுமி சொன்னாள்தான், ஆனால் பிந்திச் சொன்னாள். உயரத்தில் வட்டமிட்டது திடீரென்று காற்றாலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது என்றாள். அங்கே இருப்பது வெறும் பாறை, கழுகுக்கு என்ன வேலை? கிருஷாந்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கொஞ்சம் கண்ணசந்துட்டீங்களா?"

"இல்ல மிஸ்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. விடியுமுன் எழும்பி, சமைத்து வைத்துவிட்டு மேடேறுகிறவள். தூங்கினவளுக்குத் தூங்கினது தெரியுமா? தூங்குகிறாள் என்று பேர் வந்தால் வேலை போகும். திரும்பக் கூடை தூக்க முழங்கால் இடம் கொடுக்காது. அதைவிட, தன் கண்ணையே நம்ப முடியாமல் போனதுதான் அவளை அரித்தது.

அடுத்த சனிக்கிழமை, நொண்டிக்கொண்டே காற்றாலையின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். பாறைமேல் சேவல் தலை, குடல், எரிந்த சூடத்தின் கரி. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு. நேற்றுச் சாயங்காலம் வீடு முழுக்கத் தேடிய தட்டு. கலியாணத்துக்கு வந்தது, விளிம்பில் அவள் பேர் வெட்டியிருந்தது.

அவள் புருஷன் பழனியாண்டி, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறவர். மெசின் அவருடைய இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. கையோடு போகவேண்டியது விரலோடு போனது ரோதை முனி என்ற சாமியின் கிருபை என்று நம்புகிறவர். ஸ்டோரில் சுற்றுகிற ரோதைகளுக்கெல்லாம், அதாவது சக்கரங்களுக்கெல்லாம், காவல் அந்தச் சாமி. அதற்கு வெள்ளிக்கிழமைகளில் சேவல் அறுப்பார்கள்.

தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் மறைக்கவில்லை.

"ஸ்டோர் ரோதைக்கே சேவல் அறுக்குறோம். இது எம்புட்டுப் பெரிய ரோதை. நீ அதுக்கு முன்னால உக்காந்திருக்க. ஒண்ணுங் குடுக்காட்டி சும்மா இருக்குமா?"

"கழுகு அந்தக் குடலத் திங்கத்தான் எறங்கியிருக்கு. கீழ பாத்துக்கிட்டே வந்தா, எதுக்க சுத்துறது அதுக்குத் தெரியாது. அதான் செத்துச்சு."

"கழுகு செத்துச்சுன்னு கேட்டப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு புள்ள" என்றார். "முனி அத எடுத்துக்கிட்டா, ஒன்னய விட்டுரும்ல."

நாகலெட்சுமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அந்த மனிதர்மேல் இரக்கம்தான் வந்தது.

"ஒரு வாரமா, நாந்தான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிருஷாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று கூசியது, ஆனாலும் சொன்னாள். "நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா" என்றாள் கிருஷாந்தி. வேலை போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பழனியாண்டி ஸ்டோருக்குப் போகவில்லை. சேவல் இல்லாமல் மேட்டுக்கு வந்தார். மிச்சமிருந்த கழுகு வந்து பாறைக்கு மேலே வட்டமிட்டது. நாகலெட்சுமி சொன்னாள், காற்றாலை நின்றது. பாறையில் ஒன்றுமில்லை. கழுகு காட்டுப் பக்கம் போய்விட்டது. காற்றாலை மறுபடி சுற்றத் தொடங்கியதும் பழனியாண்டியின் முகம் செத்துப்போனது.

"குளிருது, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"இருக்கட்டும். இன்னைக்கு அதுக்கு ஒண்ணுங் குடுக்கலல்ல" என்றார்.

சாயங்காலம் வரை, அவளுக்கும் காற்றாலைக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்தார்.