டெஸ்டரம்மாவும் துளை போடாத ஏரியலும்

என் மனைவியை எல்லாரும் டெஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காதுக்கு மேலே எப்போதும் ஒரு டெஸ்டரைச் சொருகியிருப்பாள். கார் எலக்ட்ரீஷியன். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எட்டு வருடம் இருந்தாள். பல்பு மாற்ற மட்டும்தான் விட்டார்கள். ஒரு நாள் வேலையை உதறிவிட்டு வந்து, நான் கார் சீட் தைக்கிற ஷெட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் கத்தக் கத்த, அவள் பாட்டுக்கு என் தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாசல் போர்டுல என் வேலையையும் எழுதுங்க" என்றாள்.

"முதல்ல வேலை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். ஐந்து மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, வீம்புக்காரி.

ஒரு சனிக்கிழமை காலை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தன் பழைய நீலக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். தாமே பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"இதுல டிஜிட்டல் ரேடியோ கேட்கணும்மா. பாடியில ஓட்டை போடக் கூடாது, பெயிண்ட்ல கீறல் விழக் கூடாது. பதினோரு மணிக்குள்ள முடியணும்."

"கேட்கிறதையும் கொஞ்சம் பார்த்துக் கேளுங்க சார்" என்று நான் முணுமுணுத்தேன்.

எதற்கென்று தெரியாமல் எந்த வண்டியிலும் கை வைக்க மாட்டாள் என் மனைவி. அவரை ஸ்டூலில் உட்கார வைத்துக் கேட்டாள்.

"என் பொண்ணு இன்னைக்கு முதல்தடவையா ரேடியோவுல பேசப் போறாம்மா. அந்த ஸ்டேஷன் டிஜிட்டல்ல மட்டும்தான் வருது. சின்ன வயசுல இந்தப் பின் சீட்ல உட்கார்ந்துக்கிட்டு, வழியில இருக்கிற கடை போர்டையெல்லாம் சத்தமா படிச்சுக்கிட்டே வருவா. படிக்கக் கத்துக்கிட்டதே இதுலதான். ரேடியோவுக்குப் போறேன்னு சொன்னப்போ, 'அதெல்லாம் ஒரு வேலையா?'ன்னு கேட்டுட்டேன். ரெண்டு வருஷமா பேச்சில்ல. நேத்து அவளே போன் பண்ணி, முடிஞ்சா கேளுங்கப்பான்னா. நம்ம வண்டியிலயே கேட்கிறேன்னு வாய் விட்டுட்டேன்."

"கேட்கலாம் சார். ஒரு கீறல் விழாது" என்றாள்.

ரேடியோ பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியில் மறைத்தாள். கண்ணாடி மாதிரியே இருக்கும், சிக்னல் பிடிக்கும் மெல்லிய ஏரியல் தாளை முன் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினாள். அந்தத் தாளின் செம்பு வால் வண்டியின் உலோகத்தைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. மற்றவர்கள் பெயிண்டைச் சுரண்டி ஒட்டுவார்கள். இவள்தான் வாக்குக் கொடுத்துவிட்டாளே! கண்ணாடி ஓரமாக பாடியோடு திருகியிருந்த பளபளப்பான இரும்புப் பட்டையில் வாலை ஒட்டினாள்.

பத்தரைக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு ஸ்டேஷன்கூட இல்லை. மறுபடியும் தேட விட்டாள். ம்ஹூம்.

"நான் அப்பவே..." என்று ஆரம்பித்தேன். ஒரு பார்வை பார்த்தாள். தையல் மெஷின் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

மீட்டரை எடுத்துப் பட்டையில் வைத்தாள். முள் அசையவே இல்லை, கரண்ட் தொடர்பே இல்லை. "சார், இது மேல ஏதாவது அடிச்சீங்களா?"

டிரைவரின் முகம் தொங்கிப்போயிற்று. "துரு பிடிக்கக் கூடாதேன்னு வார்னிஷ் அடிச்சேம்மா. மூணு கோட்டு."

"தப்பு என்னோடதுதான் சார். பளபளன்னு இருக்கேன்னு நம்பிட்டேன், முதல்லயே மீட்டர் வெச்சிருக்கணும். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுரண்டினா போதும். ஆனா நீங்க சொல்லாம தொட மாட்டேன்."

மணி பத்து ஐம்பது. அவர் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பிளேடு கொடும்மா" என்றார்.

அவரே சுரண்டினார். நகம் அளவா? இரண்டு விரல் அகலத்துக்கு! "போதும் சார், போதும்!" என்று அவள்தான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

வாலை மறுபடி ஒட்டியதும் ஸ்டேஷன்கள் மளமளவென்று வந்து விழுந்தன. டிரைவர் முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் பின் சீட்டில். பதினோரு மணிக்கு ஒரு பெண் குரல் வந்தது. செய்தியும் இல்லை, பேட்டியும் இல்லை. எந்தத் தெருவில் நெரிசல், எந்தத் திருப்பம் மூடியிருக்கிறது என்று மூன்று நிமிடம். ஒவ்வொரு தெருப் பெயரையும் நிதானமாக, கணீரென்று படித்தாள்.

டிரைவர், நின்றுகொண்டிருந்த வண்டியின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, சிரித்தார். அங்கிருந்தே போன் போட்டார்.

"கேட்டேம்மா. ஒரு வார்த்தை விடாம கேட்டேன். நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வாம்மா."

நான் பின் சீட்டில் தையல் பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். திங்கட்கிழமை பெயிண்ட் வாங்கி வந்து வாசல் போர்டைப் புதிதாக எழுதினேன். அவள் வந்து பார்த்தாள். எழுத்து கோணல் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நீலக் கார் எங்கள் தெருவில் மெதுவாக வந்தது. பின் சீட்டு ஜன்னலிலிருந்து, ரேடியோவில் கேட்ட அதே குரல் எங்கள் போர்டைச் சத்தமாகப் படித்தது: "கார் எலக்ட்ரிக்கல் வேலை. அதுக்குக் கீழே, சீட் தைக்கப்படும்."