கரடியூர்ச் சரிவில் ரஹமத்துல்லா பாய்

ஏற்காடு ஏரிக்கு எதிரே ஸ்வெட்டர் கடை வைத்திருந்த ரஹமத்துல்லாவுக்கு மலை என்றாலே பயம். பதினோரு வருஷமாக மலைமேல் குடியிருந்தும் தார்ரோட்டை விட்டு அவர் இறங்கியது கிடையாது. சேலத்துக்குப் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்வார். கடைக்கு வரும் டூரிஸ்டுகளிடம்கூட, "அங்கெல்லாம் காட்டுமாடு முட்டுமுங்க, பாறை வழுக்குமுங்க, ஏரிய ஒரு சுத்து பாத்துப்போட்டு எறங்கிருங்க" என்று அக்கறையோடு எச்சரித்து அனுப்புகிற மனிதர்.

1987 செப்டம்பரில் அவருடைய மனைவி ஜரீனா, தங்கையின் பிரசவத்துக்காகச் சேலத்துக்குப் போனாள். காலாண்டுப் பரீட்சை லீவு. எட்டு வயது ஆசியாவும் ஐந்து வயது அமீர் ஜானும் அவர் பொறுப்பில். மலையில் விடாத தூறல். சீசன் முடிந்து டூரிஸ்டு ஒருவரும் இல்லை. பிள்ளைகள் இரண்டு நாள் கடையிலேயே கிடந்து, மடித்து வைத்த ஸ்வெட்டர்களைப் பிரிப்பதும் அவற்றுக்குள் புகுந்து படுப்பதுமாக இருந்தார்கள். மூன்றாம் நாள் ஆசியாவின் கண் சுவரில் தொங்கிய காலண்டர்மேல் விழுந்தது. கம்பளி நூல் கம்பெனி கொடுத்தது. அதில் ஒரு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் காலில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தா, நீங்க இப்பிடிச் சறுக்கிருக்கீங்களா?"

"ஓ! ஸ்வெட்டர் வாங்கக் காஷ்மீர் போனப்ப" என்றார் ரஹமத்துல்லா. ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஸ்வெட்டரெல்லாம் சேலத்து மொத்த வியாபாரியிடமிருந்து பார்சலில் வருவது. ஆனால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்த பார்வை அவரை அதோடு நிறுத்த விடவில்லை. "அங்க ஆத்துல தெப்பம்கூட ஓட்டுனேன். தண்ணி அப்பிடியே தூக்கித் தூக்கிப் போடும்!"

பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த லாசர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே யோசனை சொல்வதில் லாசரை மிஞ்ச ஆள் கிடையாது. "தெப்பம்தானுங்களா பாய்? ரெண்டு லாரி ட்யூப் சும்மா கெடக்குது. நாகலூர்ல எஸ்டேட் கணக்கெழுதற ரைட்டர் நமக்கு வேண்டியவரு. மருந்தடிக்கத் தண்ணி தேக்குன குட்ட ஒண்ணு இருக்குது. சொன்னா ஆச்சு!"

பிள்ளைகள் இருவரும் எழுந்து குதித்தார்கள். ரஹமத்துல்லாவால் தப்ப முடியவில்லை.

மறுநாள் காலை நாகலூர்க் குட்டைக் கரையில் லாசர் ட்யூபுகளுக்குக் காற்றடித்து, மேலே ஒரு பழைய கதவை வைத்துக் கட்டி, மூவரையும் ஏற்றித் தெப்பத்தைத் தள்ளிவிட்டார். "மத்தியானம் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் மொபெட்டில் போய்விட்டார். ரஹமத்துல்லா மூங்கிலை ஊன்றித் தள்ளினார். குட்டையின் நடுவே மூங்கில் சேற்றில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. தெப்பம் மட்டும் நகர்ந்துவிட்டது. அப்புறம் அது எந்தப் பக்கமும் போகவில்லை. நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றியது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அவர் இரண்டு பேரையும் இரண்டு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினார். சுற்றுகிற தெப்பத்திலிருந்து கத்தியதால் அந்தச் சத்தம் நாலு திசைக்கும் சமமாகப் போனது.

அரை மணிநேரம் கழித்து, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஆராயி கரைக்கு வந்து நின்றாள். 

"ஏனுங்க பாய், எதுக்குங்க சத்தம் போடறீங்க?"

"காப்பாத்தும்மா! சின்னப் புள்ளைங்க இருக்குது!"

"எறங்கி நடந்து வாங்க. முட்டியளவுதானுங்க தண்ணி."

அவர் நம்பவில்லை. ஒரு காலை மட்டும் பயந்து பயந்து விட்டுப் பார்த்தார். சேறு தட்டுப்பட்டது. தண்ணீர் முழங்காலோடு நின்றுவிட்டது. லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துத் தெப்பத்தைக் கரைக்கு இழுத்து வந்தார்.

"நான் அப்பவே பாத்தனுங்க. ஏதோ வேண்டுதலுக்குத்தான் நடுவுல உக்காந்துட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள் ஆராயி.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். மறுநாள் பொழுது விடிந்ததும் அமீர் ஜான் தலைமாட்டில் வந்து நின்றான். "அத்தா, இன்னிக்குச் சறுக்கறதுங்களா?"

லாசர் ஏற்கெனவே தயாராக இருந்தார். ஆரஞ்சுப் பெட்டியின் இரண்டு பலகைகளில் தன்னுடைய பழைய செருப்புகளை ஆணியடித்து, அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வழவழவென்று ஆக்கி வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு யூரியா சாக்கு.

கரடியூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சதூரம் நடந்தால் ஒரு புல்சரிவு. இரவெல்லாம் பெய்த மழையில் புல் நனைந்து படுத்திருந்தது. சரிவின் அடியில் ஒரு பீன்ஸ் தோட்டம். ஏழெட்டுப் பெண்கள் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். ரஹமத்துல்லா மேலே நின்று எட்டிப் பார்த்தார். இரண்டடி பின்னால் வந்தார். ஆனாலும் அவர் தகப்பன். "மொதல்ல நான் போய்ப் பாக்கறேன். ஆபத்தில்லைன்னாத்தான் நீங்க வரோணும்" என்றார்.

உண்மையில் அவர் போவதாக இல்லை. பலகையை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "பனியில்லாம இது ஆகாது சாமி" என்று சொல்லிக் கழற்றிவிடலாம் என்பதுதான் திட்டம். செருப்பில் கால் நுழைத்து நிமிர்ந்தார். பலகைகள் அவரைக் கேட்காமல் கிளம்பின.

"யா அல்லா!" என்ற சத்தம் மேலே கேட்டது, அது முடிவதற்குள் அவர் பாதிச் சரிவைக் கடந்திருந்தார். இடதுபலகை கிழக்கே போக ஆசைப்பட்டது, வலதுபலகை மேற்கே. மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசு தலை தூக்கிப் பார்த்து, பக்கவாட்டில் ஒதுங்கி வழிவிட்டது. தோட்டத்துப் பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ரஹமத்துல்லா தோட்டத்து ஓரத்திலிருந்த முள் நிறைந்த உண்ணிச்செடிப் புதருக்குள் தலைகீழாகப் புகுந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பலகைகள் மட்டும்.

திரும்பி வந்து எட்டிப் பார்த்த பாப்பாத்தி என்ற பெண், "அட, நம்ம ஸ்வெட்டர் கடை பாயி! கடைய உட்டுப்போட்டு இங்கென்ன பண்றீங்க?" என்றாள்.

பெண்கள் அவரை இழுத்து உட்கார வைப்பதற்குள் பிள்ளைகள் இருவரும் சாக்கில் உட்கார்ந்து, வழுக்கி, அழகாக அவர் காலடியில் வந்து நின்றார்கள். ஒரு கீறல் கிடையாது. அமீர் ஜான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டிருந்தான். ஆசியா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகிலிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"காஷ்மீர்லயும் இப்பிடித்தான் உளுந்தீங்களா அத்தா?"

ரஹமத்துல்லா சட்டையில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "நான் காஷ்மீரெல்லாம் போனதில்ல கண்ணு. ஈரோட்டுக்கு அக்கட்டால நான் எந்த ஊரையும் பாத்ததில்ல" என்றார்.

"தெரியுமே. அம்மா எப்பவோ சொல்லிருச்சு."

"தெரிஞ்சுமா கேட்டே?"

"நீங்க சொல்லையில நொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள் ஆசியா, இன்னொரு முள்ளைப் பிடுங்கியபடி.

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, தோளிலிருந்து மூட்டை இறங்கியதுபோலவும் இருந்தது. பலகைகளைக் கழற்றிப் புதருக்குள்ளேயே எறிந்தார். "இன்னொருக்கா!" என்று சட்டையைப் பிடித்து இழுத்த மகனோடு மேலே ஏறினார். இந்த முறை சாக்கில் உட்கார்ந்து, மகனை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் யாரோ உரக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடியில் வந்து நின்றதும், சிரித்தது தான்தான் என்பது அவருக்கு உறைத்தது. அன்றைக்கு மத்தியானத்துக்குள் பன்னிரண்டு முறை சறுக்கினார்கள். கடைசி நாலு முறை பாப்பாத்தியும் வந்தாள்.

செய்தி மலையை விட்டு முதல் பஸ்ஸிலேயே இறங்கிவிட்டது. சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்காட்டு பஸ் கண்டக்டரே, ஆஸ்பத்திரிக்குப் போக நின்றிருந்த ஜரீனாவிடம், "பாய் பொழச்சுக்கிட்டாருங்க, கவலப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கினாள். கணவனின் முகத்துக் கீறல்களைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் மூக்கு ஒழுகுவதைப் பார்த்ததும்தான் வெடித்தாள்.

"ஏனுங்க, கடை நெறைய ஸ்வெட்டரு! சொந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணு எடுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போவத் தோணலையா?"

சறுக்கியதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார் ரஹமத்துல்லா.

அதிலிருந்து ஒவ்வொரு காலாண்டு லீவுக்கும் கடை இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது. தெருப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் சாக்கோடு கிளம்புவார்கள். பஸ்ஸில் ரஹமத்துல்லா இன்னமும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டுதான் வருவார். சரிவுக்கு வந்துவிட்டால் முதல் ஆளாக இறங்கி, அடியில் கையை விரித்து நின்று, வருகிற பிள்ளைகளையெல்லாம் பிடிப்பார். உண்ணிப்புதர்ப் பக்கம் ஒருவரையும் விடமாட்டார்.

1990-இல் ஜரீனாவும் வந்தாள், சும்மா பார்க்க. காற்றில் பறக்காமல் இருக்கட்டும் என்று ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து அமீர் ஜான் ஒரு தள்ளுத் தள்ளினான். அவள் போட்ட சத்தத்தில் தோட்டத்துப் பெண்கள் மறுபடியும் ஓடினார்கள். அடியில் வந்து நின்றதும் எழுந்தாள், முக்காட்டைச் சரிசெய்தாள், யார் முகத்தையும் பார்க்காமல் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

"இப்ப ஆசியா முறை" என்றார் ரஹமத்துல்லா, மேட்டில் அவள் முன்னால் போய் நின்று, பயந்துகொண்டே.

"அவ காலையிலிருந்து நாலு தடவ போயிட்டா" என்றாள் ஜரீனா. "நவுருங்க."