மாமா பக்கம் யாரும் வரவில்லை

மாமாவை ‘வேஸ்ட்’ என்று முதலில் சொன்னது யார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் எல்லோருமே சொன்னார்கள். ஆட்கள் தங்கியிருந்த கேம்ப்பில் சொன்னார்கள், கம்பெனி பஸ்ஸில் சொன்னார்கள், கடைசியில் எங்கள் வீட்டுச் சோபாவிலேயே உட்கார்ந்து, அம்மா போட்ட டீயைக் குடித்துக்கொண்டு சொன்னார்கள்.

நாங்கள் அப்போது பஹ்ரைனில், குதைபியாவில் குடியிருந்தோம். கீழே கோல்ட் ஸ்டோர், மேலே எங்கள் வீடு. அங்கே மளிகைக் கடைக்குக் கோல்ட் ஸ்டோர் என்றுதான் பெயர். அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஃபோர்மேன். எனக்கு ஒன்பது வயது. வாயைத் திறக்காத பிள்ளை. யாராவது வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பள்ளிக்கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடும்போது என்னை யாரும் துரத்த மாட்டார்கள். என்னைத் துரத்துவதில் சுவாரஸ்யம் இல்லை என்று விட்டுவிடுவார்கள். நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பேன், என்னைச் சுற்றி ஆட்டம் நடக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மாமாவுக்கு நேர்ந்தது என்ன என்று என்னைப்போல் வேறு யாருக்கும் புரியாது என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன்.

நாலு கம்பெனிகளின் தமிழ் ஆட்களுக்குள் வருஷா வருஷம் கபடிப் போட்டி நடக்கும். வெள்ளிக்கிழமைகளில், கேம்ப்புக்குப் பின்னால் இருந்த மணல் வெளியில். அந்த வருஷம் ஊரிலிருந்தே நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்து விசிட் விசாவில் கூட்டி வருவது என்று முடிவானது. நல்ல ஆளுக்காக மேனேஜர்கள் அடித்துக்கொள்ளக் கூடாது என்று சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டு யாருக்கு விழுகிறதோ அவர் முதல் ஆளைப் பொறுக்கிக்கொள்ளலாம். அது எங்கள் கம்பெனி மேனேஜருக்கு விழுந்தது.

மன்னார்குடிக்காரர் ஒருவர் இருந்தார். பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டார் என்று பெயர். அவரைத்தான் எடுப்பார்கள் என்று கேம்ப்பே எதிர்பார்த்தது. மேனேஜர் எடுத்தது என் மாமாவை, அம்மாவின் தம்பியை. மாமா பாடிப் போகிறவர் இல்லை. வலது ஓரத்தில் நின்று, வருகிறவனின் காலைப் பிடிக்கிறவர். பட்டுக்கோட்டைப் பக்கம் அந்தக் கால்பிடிக்கு நல்ல பெயர். ஆனால் பிடிக்கிறவனைப் போய் முதல் சீட்டில் யாராவது எடுப்பார்களா? ஃபோர்மேனின் மச்சான், அதனால் எடுத்தார்கள் என்று பேச்சு கிளம்பியது. அப்பா அந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை என்று அம்மா சத்தியம் செய்வாள். யார் நம்புவார்கள்? மன்னார்குடிக்காரரை இரண்டாவது சீட்டுக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

மாமாவுக்குக் கம்பெனியின் சாமான் ஸ்டோரில் நிழல் வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் சாரத்தின் மேல் காற்றிலும் வெயிலிலும் நிற்க, மாமா உள்ளே உட்கார்ந்து ஆணியும் கையுறையும் எடுத்துக் கொடுப்பார். அதுவே பலருக்கு வயிற்றெரிச்சல். போட்டி முடிகிற வரை பார்ப்பது, ஆள் தேறினால் வேலை விசா அடிப்பது, இல்லாவிட்டால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஊரில் மாமாவுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். விசா அடித்த பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தேதி குறிப்போம் என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஆக, மாமாவின் கல்யாணமும் அந்த மணலில்தான் கிடந்தது.

முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் போனோம். மாமா முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, ஓரத்தில் நின்றார். எதிராளி பாடிக்கொண்டு வந்தான். மாமாவை ஒரு தடவை பார்த்தான். அப்படியே எங்கள் அணியின் இடது ஓரத்துக்குத் திரும்பினான். அங்கே நின்றவர் ராமநாதபுரத்துக்காரர், கம்பெனி பிக்கப் ஓட்டுகிற டிரைவர். அவர் பிடித்துவிட்டார். அடுத்து வந்தவனும் இடது பக்கம்தான் போனான். அவனையும் டிரைவர் பிடித்தார். ஆட்டம் முடிந்ததும் டிரைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மாமா மேல் மணல்கூட ஒட்டவில்லை.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் அதே கதை. கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் சும்மா இருப்பார்களா?

“ஏய், ஸ்டோர்கீப்பருக்கு ஒரு நாற்காலி போடுங்கடா, கால் வலிக்கப் போவுது!”

“அண்ணே, ஸ்டோர் சாவி எங்க வச்சிருக்கீங்க? ஆட்டத்தைப் பூட்டிட்டுப் போயிருவோம்!”

“கால்பிடி கால்பிடின்னாங்க. பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏர்போர்ட் போறதுதான் இவரு பிடி!”

எதிர்ப்பக்கம் மன்னார்குடிக்காரர் ஒவ்வொரு தடவை தொட்டுவிட்டுத் திரும்பும்போதும் எங்கள் ஆட்கள் அப்பாவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்ப்பார்.

வீட்டில் மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். “ஒருத்தனும் வர மாட்டேங்கிறான்க்கா” என்று ஒருநாள் சொன்னார்.

“வராட்டி நீ போயிப் பிடியேன்டா” என்றாள் அம்மா.

“இடத்தை விட்டு நகர்ந்தா சந்து விழுந்துரும்க்கா.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “சாப்பிடு மாப்ள” என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டில் அப்போது ரேடியோகூடப் போடுவதில்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே இருப்பாள்.

எனக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. மாமாவை யாரும் மதிக்கவில்லை. தொடுவதற்குக்கூட லாயக்கில்லாத ஆள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஒதுக்கல் எனக்குப் பழக்கமானது. யாராவது ஒரே ஒரு தடவை மாமா பக்கம் போனால் போதும், மற்றது மாமா பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

கோல்ட் ஸ்டோரில் வேலை பார்த்த அண்ணன் மன்னார்குடிக்காரருக்குச் சொந்தம். அதனால் லீவு நாளில் அவர் அங்கே வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருப்பார். இறுதி ஆட்டம் எங்கள் கம்பெனிக்கும் அவருடைய கம்பெனிக்கும்தான். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் அம்மா என்னைக் குப்பூஸ் ரொட்டி வாங்க அனுப்பினாள். அவர் இருந்தார். நான் குப்பூஸை வாங்கிக்கொண்டு வெளியே போய், மறுபடியும் உள்ளே வந்து, திரும்பவும் வெளியே போனேன்.

“என்ன பாப்பா, பாக்கி சில்லறையா?” என்றார் அவர்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. “எங்க மாமா பக்கம் ஒரு தடவை வாங்கண்ணா” என்றேன்.

அவர் அரிசி மூட்டையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். “ஆத்தாடி! உங்க மாமா பக்கம் தலை வச்சிக்கூடப் படுக்கக் கூடாதுன்னு எங்க கேப்டன் ஆர்டர் போட்டிருக்காரு பாப்பா. மீறிப் போனேன்னா ராத்திரி என்னைய ரூமுக்குள்ளயே விட மாட்டாரு.” பிறகு ஒரு சாக்லேட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

நான் அதை மாடிப்படியிலேயே போட்டுவிட்டேன். ஆர்டர் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள்! பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படிச் செய்ததில்லை. இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் உடைந்துபோவார். யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மதுரைக்காரர், கண்டிப்பானவர். கபடியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பலகையில் எழுதுகிற புள்ளிதான். கூடவே எங்கள் அணி கேப்டனும், இடது ஓரத்து டிரைவரும் வந்தார்கள். மாமா சுவரோரமாக நின்றுகொண்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஃபோர்மேன், நேராவே சொல்லிர்றேன்” என்றார் மேனேஜர். “முதல் சீட்டு. இவரை எடுத்ததுக்கு மத்த மேனேஜருங்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. போர்டுல இவரு பேருக்கு நேரா என்னய்யா இருக்கு? ஒண்ணுமில்ல. ஃபைனல்ல வேற ஆளை நிறுத்துவோம். அப்புறம் டிக்கெட் போட்டுருவோம். நீங்க வருத்தப்படக் கூடாது.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேப்டன் பிஸ்கெட்டைப் பார்த்தார். டிரைவர் டீயைப் பார்த்தார்.

“சொல்லுங்கய்யா, நான் சொல்றது தப்பா?”

“நான் சொன்னா நல்லாருக்காது சார்” என்றார் அப்பா. “மச்சானுக்குப் பேசறேன்னுவாங்க.”

“தம்பி, நீ சொல்லு.”

மாமா, “என்னத்தைச் சார் நான் சொல்றது” என்றார். சமையலறையில் அம்மா என் கையில் தண்ணீர் டம்ளர் வைத்த தட்டைக் கொடுத்து முதுகில் தள்ளினாள். நான் கூடத்துக்கு வந்தபோது மேனேஜர், “அப்ப கலாஸ், முடிச்சுக்குவோம்” என்று எழுந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“மாமா மேல தப்பில்ல! மாமா பக்கம் வரக் கூடாதுன்னு அவங்க கேப்டன் ஆர்டர் போட்டிருக்காரு! அவங்கதான் மாமாவ ஒதுக்கி வச்சிருக்காங்க!”

மேனேஜர் மறுபடியும் உட்கார்ந்தார்.

“யாரு சொன்னா கண்ணு?”

நான் கோல்ட் ஸ்டோரில் நடந்ததை விக்கி விக்கிச் சொன்னேன். சொல்லும்போதே மாமாவின் மானத்தை நாலு பேர் நடுவில் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

மேனேஜர் மெதுவாக டிரைவர் பக்கம் திரும்பினார். “நீ பிடிச்ச அத்தனை பேரும் உன்கிட்டதான் வந்தானுகளா?”

“ஆமா சார்.”

“ஏன்?”

டிரைவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். “வேற எங்க சார் போவானுக?” என்றார். “அந்தப் பக்கம் போனா இவன் காலை ஒடிச்சிருவான்னு எல்லாப் பயலுக்கும் தெரியும்.”

“இதை ஏன்யா இத்தனை நாளாச் சொல்லல?”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவும் தலையைத் தூக்கவில்லை. மேனேஜர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். “சரி, ஃபைனல்ல இவரு அதே இடத்துல நிக்கட்டும். நான் இந்தத் தடவை போர்டைப் பார்க்கப்போறதில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவைத் தேற்றத்தான் டிரைவர் அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன். அவர்கள் போனதும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். மாமா கதவைத் தட்டிக் கூப்பிட்டார். நான் திறக்கவில்லை. அவர் வெளியே அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் குரலும் அப்படித்தான் இருந்தது.

இறுதி ஆட்டத்தில் மன்னார்குடிக்காரர் பாடிக்கொண்டு வந்தார். அன்று என்ன நினைத்தாரோ, மாமா பக்கமாக இரண்டு எட்டு வைத்தார். மாமா அசையவில்லை. அவர் மாமாவின் கைகளைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து, யாரையும் தொடாமல் கோட்டைத் தாண்டித் திரும்பிவிட்டார்.

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார். எங்கள் ஆட்கள் எல்லோரும் விசிலடித்தார்கள். டிரைவர் இடது ஓரத்திலிருந்தே மாமாவைக் காட்டிக் கத்தினார்.

எனக்குத் தாங்கவில்லை. வராத ஆளுக்காகக் கைகளை விரித்துக்கொண்டு மாமா நிற்கிறார், அதைப் பார்த்து இத்தனை பேர் கேலி செய்கிறார்கள், அம்மாவும் சேர்ந்து கைதட்டுகிறாள். நான் அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் மாமாவுக்கு விசா அடித்துக் கொடுத்தார்கள். அவரைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் கொடுத்தார்கள் என்று நினைத்து, அன்று வீட்டில் எல்லோரும் பாயசம் குடித்தபோது நான் மட்டும் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.