வெர்னா அழுத்திய பொத்தான்

பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர்கள் பேனட்டைத் திறந்து பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். ஆர்லிஸ் டக்கெட் அதெல்லாம் செய்யவில்லை. அரிசோனாவின் யூமா ஊரில் வண்டிக் கடை கடையாக ஏறி இறங்கிய அந்த வாரம் முழுக்க, கையோடு ஒரு பழைய கம்பளியைக் கொண்டுபோய்த் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார். எழுபது வயது ஆள் வெயிலில் கால் நீட்டிக் கிடப்பதைப் பார்த்து ஒரு கடைக்காரன் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான்.

"சார், எந்த பிக்கப்பா இருந்தாலும் பின்னாடி கட்டி இழுக்கலாம் சார். கவலையே வேண்டாம்," என்றான்.

"இழுக்கலாம்ப்பா. ஒரே ஒரு தடவை இழுக்கலாம்," என்றார் ஆர்லிஸ், அடியில் இருந்தபடியே.

அவருக்குத் தெரியும். வீட்டு பஸ்ஸில் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். பஸ் அளவு வண்டிக்குள் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும். ஆனால் அதை ஓட்டிக்கொண்டு பால் வாங்கப் போக முடியாது. அதனால் பின்னால் ஒரு சின்ன வண்டியை, நாலு சக்கரமும் தரையில் உருள, இரும்புச் சட்டத்தால் கட்டி இழுத்துப் போவார்கள். இழுபடும்போது சக்கரங்கள் தனியாகச் சுற்ற வேண்டும், கியர்பாக்ஸ் அசையக் கூடாது. இரண்டையும் பிரிக்க வழியில்லாத வண்டி என்றால் நூறு மைல் தாண்டுவதற்குள் கியர்பாக்ஸ் வெந்துபோகும். விற்பவனுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

ஆர்லிஸ் கான்சாஸில் சாலினா ஊரில் தானியக் கிடங்கு வேலை பார்த்தவர். மனைவி வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பனியிலும் புழுதிப் புயலிலும் ஓட்டினாள். ஒரு குழந்தைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று இந்த பஸ்ஸை வாங்கினார்கள். கோடைக்கு மொன்டானா, குளிருக்கு அரிசோனா பாலைவனம். இவர்களைப் போன்ற கிழங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து கூடாரமடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும்.

சின்ன வண்டியைக் கட்டுகிற வேலையைப் புருஷனும் பெண்டாட்டியும் பங்கு போட்டிருந்தார்கள். வெளி வேலை எல்லாம் ஆர்லிஸுக்கு: சட்டம், கொக்கி, சங்கிலி, விளக்கு ஒயர். உள் வேலை எல்லாம் வெர்னாவுக்கு: சாவி, கியர், கை பிரேக். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. கடைசியில் அவர் பஸ்ஸில் ஏறி பிரேக்கை மிதிப்பார், அவள் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா பார்த்துக் குரல் கொடுப்பாள். பிறகு அவர் பஸ்ஸைக் கொஞ்சம் நகர்த்த, பின்னால் சக்கரம் உருளுகிறதா என்று அவள் பார்ப்பாள். "உருளுது, போ!" என்று அவள் கத்தினால்தான் பயணம்.

வெர்னாவுக்கு மறதி நோய் என்று டூசானில் டாக்டர் சொன்னபோது மகள் மெலனியும் கூட இருந்தாள். அவள் அந்த ஊரிலேயே இருப்பவள். வெளியே வந்து கார் கதவைத் திறப்பதற்கு முன்பே பேச்சை எடுத்துவிட்டாள்.

"அப்பா, என் வீட்டுக்குப் பக்கத்துலயே நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு. அம்மாவை அங்க விட்டுடலாம். நீங்க தனியா சமாளிக்க முடியாது."

"என்னை வச்சுக்கிட்டே என்னைப் பத்திப் பேசாதடி," என்றாள் வெர்னா. "நானே சொல்றேன், கேட்டுக்கோ. வண்டி கட்டுறதுல என்னிக்கு நான் தப்பு பண்றேனோ, அன்னிக்கு என்னை அங்க கொண்டுபோய் விடுங்க. மறு பேச்சு பேச மாட்டேன். ரோட்டுல பின்னாடி வர்றவன் பிள்ளைகுட்டிக்காரன். என் மறதிக்கு அவன் சாகக் கூடாது. அதுவரைக்கும் நான் இந்தக் கிழவன் கூடத்தான்."

ஆர்லிஸ் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அப்போது இழுத்துக்கொண்டிருந்த பழைய கார் சரிப்படாது. சாவியை ஒரு படி திருப்பு, கிளட்சை மிதி, கியரை எடு, ஃபியூஸைக் கழற்று என்று அதற்கு ஏகப்பட்ட சடங்கு. பொத்தான் வைத்த பிக்கப் வேண்டும்: நாலு சக்கரத்துக்கும் விசை போகிற வகை, ஒரே அழுத்தில் சக்கரமும் கியர்பாக்ஸும் பிரிகிற வகை. ஒரே ஒரு பொத்தான் என்றால் வெர்னா இன்னும் கொஞ்ச காலம் தப்பு செய்ய மாட்டாள். அந்தக் கொஞ்ச காலத்துக்காகத்தான் மனிதர் கம்பளியோடு தரையில் புரண்டது.

கடைசியில் கிடைத்தது ஒரு பச்சை பிக்கப். ஆலங்கட்டி மழையில் அடிபட்டு மேலெல்லாம் அம்மைத் தழும்பு. வெர்னா ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங் பக்கத்தில் குழிக்குள் பதிந்திருந்த பொத்தானைக் குனிந்து பார்த்தாள்.

"இதென்ன, பேனா முனையை விட்டுக் குத்தணுமா?"

"கை தவறிப் பட்டுடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். குத்திட்டு, பக்கத்துல பொடி விளக்கு எரியுற வரைக்கும் பிடிச்சிருக்கணும். மறுபடி குத்தினா பழையபடி சேர்ந்துக்கும்."

"எனக்கு வேலை குறைச்சலா இருக்கணும்னுதானே இதைத் தேடிப் பிடிச்சே?" அவள் அவரை நேராகப் பார்த்தாள். "கள்ளக் கிழவா."

அவர் டயரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்.

பாலைவன முகாமில் பிக்கப்பைத் தயார் செய்தார்கள். முன் பம்பரைக் கழற்றிப் போர்வைமேல் கிடத்தி, சட்டம் மாட்டுவதற்கான இரும்புத் தகட்டை உள்ளே வைத்து முடுக்கினார் ஆர்லிஸ். பக்கத்து பஸ்காரன் டூலி, மிசௌரிக்காரன், மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து யாரும் கேட்காமலே யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். எடை மிஞ்சக் கூடாதென்று பின்தொட்டியில் இருந்த கருவிப் பெட்டியை ஆர்லிஸ் இறக்கியபோது, "அதை எனக்குக் குடுத்துடு, உனக்குப் பாரம் குறையும்," என்று பல்லைக் காட்டினான். பஸ் நின்றால் பிக்கப்பின் பிரேக்கையும் தானாக மிதிக்கிற பெட்டி ஒன்றை மிதிகட்டைக்கு முன்னால் பொருத்தினார். விளக்கு ஒயரைப் பின்முனை வரை இழுத்தார். முதுகு ஒடிந்தது என்று முனகினாலும் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

வெர்னா தினமும் பழகினாள். "மிதி. நடுவுக்குத் தள்ளு. குத்து. விளக்கு வந்துச்சா? பார்க்ல போடு. அணை." பேருந்துப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலத் தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொள்வாள். ஒரு நாளும் பிசகவில்லை.

மற்ற காரியங்களில் பிசகியது. கேஸ் அடுப்பைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனாள். மெலனி போனில் கேட்டதும், "அது நான்தான், காபி போட்டுட்டு மறந்துட்டேன்," என்றார் ஆர்லிஸ். வெர்னா மருந்தைக் குப்பையில் போட்டாள், அதுவும் அவர்தான். கடைத்தெருவில் வழி தெரியாமல் நின்றாள். அவர்தான் தப்பான இடத்தில் காத்திருந்தாராம். இத்தனை பொய்யை அந்த மனிதர் ஆயுளில் சொன்னதில்லை. தாயும் மகளும் அதை நம்பவில்லை. நம்பியதாகத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

ஒரு முறை அவள் பழகி முடித்து இறங்கியதும் ஆர்லிஸ் பிக்கப்புக்குள் எட்டிப் பார்த்தார். அவள் பார்த்துவிட்டாள்.

"எனக்குப் பின்னாடி சரி பார்க்கிறியா?"

"இல்லம்மா, சும்மா..."

"ஊரே பிள்ளைங்களை என் கையில குடுத்துச்சு. நீ ஒரு பொத்தானைக் குடுக்க மாட்டியா? அப்படின்னா இப்பவே மெலனியைக் கூப்பிடு. நான் போறேன்."

இனி பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதைக் காப்பாற்றவும்தான் நினைத்தார், பாவம்.

மொன்டானாவுக்குக் கிளம்பும் காலை வந்தது. பஸ்ஸின் டீசல் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் சட்டத்தையும் சங்கிலியையும் மாட்டினார். வெர்னா உள் வேலையை முடித்து, "ஆச்சு," என்று சொல்லிவிட்டுத் தொப்பி எடுக்க பஸ்ஸுக்குள் போனாள். அவள் உதடு அசைந்ததா, எல்லாப் படியையும் சொன்னாளா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தப்பு நடந்தால் மனைவியே போய்விடுவாள். மனம் கேட்கவில்லை. சட்டென்று பிக்கப்புக்குள் ஏறி என்ஜினைப் போட்டார். பஸ் போட்ட சத்தத்தில் அது அவளுக்குக் கேட்காது.

காலை வெயில் கண்ணாடி வழியாக நேரே அடித்தது. அந்தப் பொடி விளக்கு எரிகிறதா என்று தெரியவில்லை. வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தார், அப்போதும் தெரியவில்லை. எரியவில்லை என்றே பட்டது. மறந்துவிட்டாள். பிரேக்கை மிதித்து, கியரை நடுவுக்குத் தள்ளி, பேனாவால் குத்தினார். அடியில் 'கடக்' என்றது.

வண்டி கட்டுகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை என்பது அந்த முகாமில் எழுதாத சட்டம். வீட்டுக்குத் தீப்பிடித்தால்கூட அவன் முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். அன்றைக்கு டூலி அதை மீறினான். ஜன்னலில் வந்து கையை வைத்தான். கண் கலங்கியிருந்தது.

"ஆர்லிஸ், அடுத்த குளிருக்கு வெர்னாவுக்கு என்னை அடையாளம் தெரியுமாடா?"

"தெரியாம என்ன, உன் மூஞ்சியை யாரால மறக்க முடியும்?" என்று எதையோ சொன்னார். பஸ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வெர்னா வருகிறாள். என்ஜினை அணைத்து, திருடன் போல இறங்கி அந்தப் பக்கம் போய்விட்டார். சக்கரத்தை அசையவிடாமல் பூட்டுகிற பார்க்குக்கு கியரை மாற்ற மறந்தார்; அது நடுவிலேயே நின்றது.

அதனால் சக்கரமெல்லாம் அழகாக உருண்டது. "இடது! வலது! பிரேக்! உருளுது, போ!" என்று வெர்னா கத்தினாள். நல்லவேளை நாம் பார்த்தோம், அவள் தப்பு செய்தது அவளுக்கே தெரியாமல் போயிற்று என்று நினைத்தபடி ஆர்லிஸ் வண்டியை எடுத்தார்.

வழியில் கிங்மேன் ஊர் மேட்டில் ஏறும்போது ஒரு லாரிக்காரன் பக்கத்தில் வந்து ஹாரனை விடாமல் அடித்துப் பின்னால் கைகாட்டினான். பிக்கப்புக்கு அடியிலிருந்து புகை சுருண்டு வந்தது. ஓரம் கட்டி இறங்கினார்கள். கொதித்த எண்ணெய் தாரில் சொட்டி நாறியது. வெர்னா தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றாள்.

ஆர்லிஸ் கதவைத் திறந்து கியரைப் பார்த்தார். நடுவில் இருந்தது. வெர்னா எப்போதும் பார்க்கில் போடுவாள். அந்த நிமிடமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் குத்தாமல் விட்டிருந்தால், அவர் குத்தியதில் சக்கரமும் கியர்பாக்ஸும் பிரிந்திருக்கும், எரிந்திருக்காது. அவள் சரியாகப் பிரித்து வைத்ததைத்தான் அவர் மறுபடி சேர்த்துவிட்டார். எரிந்ததே அவள் தவறவில்லை என்பதற்குச் சாட்சி.

"வெர்னா, நான்தான்," என்றார். "நீ சரியாத்தான் பண்ணே. சத்தியத்தை மீறி உள்ள போய் நான்தான் மறுபடி குத்திட்டேன். கேளு, நான்தான்."

அவள் அவர் கன்னத்தைத் தடவினாள்.

"அடுப்பும் நீதான். மருந்தும் நீதான். இதுவும் நீதானா? போதும் கண்ணு. பின்னாடி யாராவது வந்து மோதியிருந்தா என்ன ஆயிருக்கும்? மெலனிக்குப் போன் போடு."

"டூலியைக் கேளு! நான் உள்ள உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்தான்!"

டூலியிடம் போனில் கேட்டார்கள். உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், என்ன செய்தார் என்று பார்க்கவில்லை என்றான். மெலனி போனில் அழுதாள். "அப்பா, ப்ளீஸ்ப்பா. அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. இன்னமும் ஏன் இப்படிப் பழியை உங்க மேலயே போட்டுக்கிறீங்க?" ஆர்லிஸ் நடுரோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் பொய் சொன்ன நாளெல்லாம் தலையாட்டியவர்கள், உண்மை சொன்ன அன்றைக்கு ஆட்டவில்லை.

வெர்னா வாக்கு மாறாதவள். தானே துணியை எடுத்து வைத்து, தானே நடந்து அந்த இல்லத்துக்குள் போனாள்.

ஆர்லிஸ் இல்லத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, தினமும் நடந்து போய் அவளைப் பார்த்தார். நோய் வேகமாகத்தான் போயிற்று. சாலினா போயிற்று, மொன்டானா போயிற்று, பெற்ற மகளின் பெயர் போயிற்று. ஆனால் போக வேண்டிய ஒன்று மட்டும் போகவில்லை. அவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"உன் வண்டியை எரிச்சுட்டேனே. எம் மேல கோபமா?"

"நீ இல்லம்மா. நான்தான் எரிச்சேன்."

"பொய் சொல்றே. எனக்காகச் சொல்றே," என்று அழுவாள். அவர் சொல்லச் சொல்ல அழுகை கூடும். நர்ஸ் வந்து அவரை வெளியே அனுப்பிவிடுவாள். இப்படியே அந்தக் கோடை முழுவதும் போயிற்று.

இலையுதிர் காலத்தில் ஒரு பிற்பகல், அவள் சாப்பிட மறுத்து, அதையே கேட்டு விம்மிக்கொண்டிருந்தாள். ஆர்லிஸ் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தார். சூப் கிண்ணத்தை ஓரமாக வைத்தார். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"ஆமா வெர்னா. நீதான் எரிச்சே. பரவாயில்லை. நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் பெருமூச்சு விட்டு, அவர் தோளில் சாய்ந்து, நன்றி சொன்னாள். பிறகு சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.