பக்கத்து மரத்தில் சேகர்

செய்தி வந்தபோது நான் மரத்தின் மேல், வேட்டைப் பரணில் உட்கார்ந்திருந்தேன். மெய்ன் மாநிலக் காட்டுக்கு எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி, திரும்ப அழைத்துப்போக வந்தவர், முதலில் சேகரின் ஏணியில் ஏறினார். இறங்கி என் மரத்தடிக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். உங்கள் நண்பருக்கு மூச்சு இல்லை என்றார். தூங்கியிருப்பான், நன்றாக உலுக்கிப் பாருங்கள் என்று கத்தினேன்.

நம் ஊர் பேர்லேண்டில் சனிக்கிழமைதோறும் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவனோடு அம்பு விட்டுப் பழகி, இன்று அவன் அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும், தப்பு யாருடையதானாலும் மன்னிப்புக் கேட்பது அவன்தான். என் அம்பு பக்கத்து வீட்டு வேலியைத் துளைத்தபோது ஓடிப்போய் சாரி சொன்னவன் அவன். "உனக்கு மானமே இல்லையாடா?" என்று திட்டினேன். "சொன்னா என்ன குறைஞ்சு போச்சு? மேட்டர் அங்கயே க்ளோஸ்" என்றான்.

கரடி வேட்டை என் ஆசை. அவனுக்குக் கரடி மேல் எந்த விரோதமும் கிடையாது. மூன்று வருஷம் நான் நச்சரித்ததால் வந்தான். கரடியை இழுக்கப் பீப்பாயில் பழைய டோனட்டைக் கொட்டியதைப் பார்த்து, "டேய், எனக்கு சுகர்னு டாக்டர் ஒண்ணுகூடத் தொடக்கூடாதுங்கறார். கரடிக்கு மட்டும் அன்லிமிட்டட்!" என்று சிரித்தான்.

பரணில் ஏறியபின் பேசக்கூடாது, அசையக்கூடாது. இருபது தப்படி தள்ளி அவன் இருந்தான். கிளைகளுக்கு நடுவே முழங்கால் மட்டும் தெரிந்தது. நாலரை மணி வாக்கில் இரும ஆரம்பித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. "இருமித் தொலைக்காதடா. மூணு வருஷமா காத்திருக்கேன்" என்று அனுப்பினேன். "சாரிடா. இனி சத்தம் வராது" என்று பதில் வந்தது. அப்புறம் சத்தம் வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கரடி வந்தது. அவன் மரத்தடியில் நின்று அண்ணாந்து முகர்ந்தது. நான் வில்லை இழுப்பதற்குள் புதருக்குள் போய்விட்டது. அத்தனை நேரமும் அந்த முழங்கால் ஆடவே இல்லை. என்ன தைரியம் இவனுக்கு என்று நான் பெருமைப்பட்டேன். ஆமாம், பெருமைப்பட்டேன். இதை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மாரடைப்பு என்றார்கள். எவ்வளவு நேரம் வாயைப் பொத்திக்கொண்டு பொறுத்தானோ! ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடியிருப்பேனே.

ஏர்போர்ட்டில் அவன் மனைவி ரேவதி, "அண்ணா, கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, தூக்கத்துலயே போயிட்டான்" என்றேன். பொய். உண்மையைச் சொல்ல இரண்டு முறை அவள் வீட்டு வாசல்வரை போய்க் காரைத் திருப்பிவிட்டேன். அதனால்தான் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

அவனுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு வரி சாரிதான். அந்த மன்னிப்பை நான்தான் அவனிடம் கேட்டிருக்க வேண்டும். ரேவதி, போனை எடுத்துக்கொண்டு வருகிறேன். அவன் பதிலை மட்டும் பார்க்காதே. அதற்கு மேலே நான் அனுப்பியதையும் படி.