தண்ணீர் என்று சொன்ன மருந்து

கல்முனைக்குடி அபூசாலிக்கு ஐம்பத்து மூன்று வயது. நெல் ஆலையின் சீமெந்துக் களத்தில் அவித்த நெல்லை வெறுங்காலால் துழாவிக் காயவைப்பது அவருடைய வேலை. வலது குதிக்காலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தபோது, ஆணி குத்திய அடையாளம் என்றுதான் நினைத்தார். அது புண்ணாகி ஆறாமல் கிடந்த பிறகு மனைவி ஹுஸ்னியா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தோலில் வருகிற பொல்லாத புற்றுநோய் என்றார்கள். குதிக்காலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஏழு மாதத்தில் தொடையிடுக்கில் எலுமிச்சங்காய் அளவில் கட்டி எழும்பியது. கீமோ தொடங்கினார்கள்.

மூன்று கிழமைக்கு ஒருதரம் மருந்து ஏற்றும்போது, பக்கத்துக் கதிரையில் பாண்டிருப்புப் பூபாலசிங்கம் இருப்பார். தமிழர், வயல்காரர். அவருக்குக் கழுத்தில் கட்டி. இரண்டு பேருக்கும் மருந்து ஏற்றுகிறவர் தமிழ்த் தாதி சுஜித்தா மிஸ்ஸி. நான்கு தடவை முடிந்தபோது பூபாலசிங்கம் கட்டி வற்றிப்போய், சேர்ட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார். அபூசாலியின் கட்டியோ பெருத்திருந்தது.

ஐந்தாம் தடவைக்குக் கையில் ஊசி ஏற்றியிருந்த நேரம் டொக்டர் வந்து, "மருந்து கேக்குதில்ல, நிப்பாட்டுவம்" என்றார்.

அபூசாலிக்கு உள்ளே என்னவோ அறுந்தது. சுஜித்தாவைப் பார்த்துக் கத்தினார்.

"எங்கட ஆக்களுக்குத் தண்ணிய ஏத்துற, ஒங்கட ஆக்களுக்கு மருந்த ஏத்துற! எனக்கு விளங்காதெண்டா நெனச்ச?"

வார்ட்டில் இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அபூசாலி, அப்பிடிக் கதைக்காதங்க" என்றார் பூபாலசிங்கம். சுஜித்தா அபூசாலியின் கையிலிருந்த ஊசியை நோகாமல் கழற்றி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

டொக்டர்தான் விளக்கினார். "ரெண்டு மருந்துப் பையும் பாத்தா ஒரே மாதிரி. உள்ள இருக்கிற மருந்து வேற. ரெண்டு பேருக்கும் வந்த வருத்தமும் வேற, புற்றுநோயில பல வகை. ஒங்கட வருத்தம் கீமோவுக்கு லேசில அடங்காது. வேற வழி பாப்பம். கட்டியில ஒரு துண்டு எடுத்து, எந்த மருந்து கேக்குமெண்டு பாக்கக் கொழும்புக்கு அனுப்புறன்."

திரும்பும் பஸ்ஸில், களுவாஞ்சிக்குடி தாண்டியதும் ஹுஸ்னியா சொன்னாள்: "ஒங்கட வாந்தியக் கையில ஏந்தின புள்ள அது. வெக்கமில்லயா ஒங்களுக்கு?"

அபூசாலி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறு கிழமைக்குப் பிறகு போன் வந்தது. "சுஜித்தா கதைக்கிறன், காக்கா. கொழும்பு ரிப்போர்ட் வந்திருக்கு. ஒங்கட கட்டிக்கு ஏத்த, விழுங்குற குளிசை ஒண்டு இருக்காம். நாளைக்கே வாங்க." அபூசாலி போனை மனைவியிடம் நீட்டினார்.

அடுத்த நாள் கிளினிக்கில் அவளுக்குக் கிட்டப் போய்க் குனிந்து சொன்னார்: "தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னது பிழை."

இரத்தம் எடுக்கிற கண்ணாடிக் குழாயில் பெயரை ஒட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அண்டைக்குச் சத்தமாச் சொன்னீங்க, காக்கா. இண்டைக்கு எனக்கு மட்டும் கேக்கச் சொல்றீங்க."

அபூசாலி நிமிர்ந்தார். வாங்குகளில் உட்கார இடமில்லாமல் ஆட்கள். பூபாலசிங்கமும் இருந்தார். "இந்தப் புள்ளையில நான் அபாண்டம் சொன்னன்" என்று சத்தமாகத் தொடங்கினார். "மருந்துலயும் பிழையில்ல, இவவுலயும் பிழையில்ல. பிழை எனக்கிட்டதான்." சுஜித்தா அவருடைய சட்டைக் கையை மடித்துவிட்டு இரத்தம் எடுத்தாள்.

குளிசை கேட்டது. நான்கு மாதத்தில் கட்டி பயற்றங்கொட்டை அளவுக்குச் சுருங்கியது. இதுவும் ஒருநாள் கேளாமல் போகலாம், அப்போது வேறு மருந்து பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அபூசாலி இப்போது அந்த ஆலையிலேயே வாசலில் இருந்து மூட்டை எண்ணுகிறார். பூபாலசிங்கம் கண்டால் தலையாட்டுவார், பழையபடி கதைப்பதில்லை. மாதாமாதம் கிளினிக்கில் சுஜித்தா பெயர் கூப்பிடும்போது, அபூசாலி தரையைப் பார்த்தபடிதான் எழும்புகிறார்.