பூட்டில்லாத கதவு

பெங்களூரில் ஒரு பழைய ஜெயிலை இப்போது சுற்றிப்பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து நின்ற போட்டோ ஒன்றுகூட இல்லை என்று மனைவி ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்காகவே ஒரு லீவு நாளில் மத்திகிரியிலிருந்து பஸ் ஏறிப் போனோம்.

கைதிகள் இருந்த ஒரு அறைக்குள் அவள் போய் நின்றுகொண்டாள். நான் வாசலிலேயே இரும்புக் கதவைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்துப் பலகையில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் என்னவோ எழுதியிருந்தது. எட்டாவதோடு நின்ற எனக்கு, கதவைத் தொடலாமா கூடாதா என்றே புரியவில்லை.

"ஏங்க, உள்ள வாங்க."

"கதவு சாத்திக்கிச்சுன்னா?"

"அதுல பூட்டே இல்லீங்க! கம்பெனி கேட்டுல நிக்கற மாதிரி நிக்காதீங்க."

பார்த்தேன். பூட்டு இல்லைதான். ஆனாலும் கை விடவில்லை.

லீவு நாளிலும் நான் போட்டிருந்த கம்பெனி யூனிஃபார்ம் சட்டையைப் பார்த்து, அந்த ஜெயிலின் வாட்ச்மேன் என்று நினைத்த ஒருவர், எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். மூடிவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மனைவி அவரிடமே போனை நீட்டினாள். "அண்ணா, ஒரு போட்டோ எடுங்க. அந்தக் கதவையும் பிடிச்சுக்கங்க, இல்லன்னா இவர் உள்ள வரமாட்டார்" என்று கன்னடத்தில் சொன்னாள். அவர் சிரிக்காமல் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே போனேன்.

அந்தப் போட்டோவில் அவள் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் கதவைப் பிடித்திருக்கும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூட்டு இல்லை என்று தெரிந்த பிறகும் எதற்காகப் பார்த்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.